ராஜபார்ட்டின் குரலையும் கொஞ்சம் பேசுவோமே!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பூட்டுக்குப் பேர் போனது நம் திண்டுக்கல். இத்தனை பூட்டுச் செய்த ஊர், ஊர் வாய்க்கு மட்டும் ஒரு பூட்டுச் செய்து தரவில்லையே என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் இந்த எண்ணம் மிகுதியாக எழும். வேடசந்தூர்ப் பக்கமும் நத்தம் பக்கமும் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ நடக்கும் காலம் அது. இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் முழங்கத் தொடங்கினால், விடிகிற வேளையில்தான் முருகன் வள்ளியை மணப்பார். விடிந்ததும் டீக்கடையிலும் குழாயடியிலும் இரண்டாவது நாடகம் ஆரம்பமாகிவிடும். ஸ்திரீபார்ட் யாருடைய காரில் வந்து இறங்கினார்? ராஜபார்ட்டுக்கும் அவருக்கும் என்ன உறவு? அந்த டான்ஸ்காரப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? இந்த நாடகத்துக்கு ஆர்மோனியமும் வேண்டாம், மிருதங்கமும் வேண்டாம். வேதியியல் படிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், வினையூக்கி இல்லாமலே இத்தனை வேகமாக நடக்கும் வினை வேறொன்று இல்லை!

கலைஞரைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. பேச்சில்லாத கலை உப்பில்லாத பண்டம். இத்தாலி நாட்டில் ஓபரா என்றொரு கலை உண்டு. கதை முழுவதையும் பாட்டாகவே நடத்திச் செல்லும் அதை நம் இசை நாடகத்துக்கு ஒன்றுவிட்ட அக்காள் என்று வைத்துக்கொள்ளலாம். மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் 2006 டிசம்பரில் ‘ஐடா’ நடந்தது. மேல்மாடத்து ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ராபர்ட்டோ அலான்யா என்ற பெரும் பாடகர் கோபித்துக்கொண்டு நிகழ்ச்சியின் நடுவிலேயே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர், வேடம் கட்ட நேரமின்றி, போட்டிருந்த ஜீன்ஸ் கால்சட்டையோடு நின்று பாடினார். நம் பக்கம் பபூன் கூட அப்படி வரமாட்டார்! ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த மேல்மாடத்தார் கூச்சல் போட்டது அவருடைய பாட்டைக் குறித்து.

அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் ஆடல் பாடல் பற்றி எழுதியவர். அவர் கேலிக்கு இலக்கானவர்களில் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் ஒருவர். சுந்தராம்பாளும் செங்கோட்டை கிட்டப்பாவும் 1926இல் இலங்கை மேடையில் ஜோடி சேர்ந்தவர்கள். பிறகு வாழ்க்கையிலும் இணைந்தவர்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே குடும்பம் உண்டு. ஊர் பேசாத பேச்சா? 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதிலேயே மறைந்தார். 25 வயது சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறி மேடையை விட்டு ஒதுங்கினார். மீண்டும் நடிக்க வந்தபோது எந்த ராஜபார்ட்டுக்கும் ஜோடியாக வரவில்லை. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக அவரே நின்றார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அந்தப் படத்தைத்தான் கல்கி கிழித்தெறிந்தார். மனிதரைவிட மரமும் எருமையும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருள்பட எழுதினார். கடுமையான வார்த்தைதான், எருமைக்குக்கூடக் கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் அது படத்தைப் பற்றிய பேச்சு. அந்த அம்மையாரின் வெள்ளைப் புடவைக்குள் கை வைத்த பேச்சு அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் லட்சுமிகாந்தன் என்று ஒருவர் இருந்தார். ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ என்ற பத்திரிகைகளில் நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்றவர். 1944 நவம்பரில் சென்னையில் குத்துப்பட்டு மாண்டார். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போன எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அந்த வழக்கில் சிறைக்குப் போய், 1947இல்தான் விடுதலையானார்கள். பாகவதரின் பழைய புகழ் திரும்பவே இல்லை. கொன்றது யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. அந்தப் பத்திரிகைகளை வரிசையில் நின்று வாங்கிப் படித்தவர்கள் மீது மட்டும் எந்த வழக்கும் இல்லை.

மேடையைப் பற்றிப் பேச விஷயமா இல்லை? ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி, அந்த ஓர் இரவுக்கு வரவழைப்பார்கள். வள்ளியும் நாரதரும் அன்று மாலைதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்! இருவருக்கும் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த பாட்டும் கதையும்தாம். அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தர்க்கம் செய்ய வேண்டும். ஒருவர் தூக்கிப் போடும் கேள்விக்கு மற்றவர் அந்த இடத்திலேயே பதில் கட்டவேண்டும். நமக்கு மூன்று மாதம் படித்துவிட்டுச் செய்முறைத் தேர்வு வாய்மொழிக் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இந்தத் திறமையை எடைபோட்டு ஒரு வரி எழுதுவார் உண்டா? சென்னை சபாக் கச்சேரிக்கு மார்கழி முழுதும் விமர்சனம் வரும். நம் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டும் நாடக நோட்டீசில் பட்டங்கள்தாம் வரும். எல்லாரும் பேரொளி, எல்லாரும் திலகம். பட்டத்துக்கும் வம்புக்கும் நடுவில் இருக்கவேண்டிய விமர்சனம் என்ற நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

எஸ்.எஸ்.விசுவநாததாசை எண்ணிப் பாருங்கள். சுதந்திரப் போராட்டப் பாட்டுகளை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவர் பிறந்த சாதியைச் சொல்லி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகையர் உண்டு. 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர்விட்டார். அவர் பாட்டை வார்த்தை விடாமல் கவனித்துக் கேட்டவர்கள் போலீசார்தாம் போலும்!

விமர்சனம் செய்யக் கிராமத்தாருக்குத் தெரியாது என்பாரும் உளர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எங்கள் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் சாக்கு விரித்து முன்வரிசையில் உட்கார்ந்தால், ராஜபார்ட் விருத்தத்தின் முதலடியை எடுக்கும்போதே, “இவுக மூணாவது அடியில மூச்சு வாங்குவாக, பாரு” என்பார். அப்படியே ஆகும். சுருதியை அரைக்கட்டை ஏற்றி வைத்துப் பாடகரைத் தவிக்கவிடும் ஆர்மோனியக்காரரையும் கண்டுபிடித்துவிடுவார். இந்த ஞானமெல்லாம் சாக்கைச் சுருட்டும்போது அதோடு சுருண்டு போகிறது. குழாயடிப் பேச்சுதான் ஊர் ஊராகப் போகிறது. இப்போது நாடகங்களை யூடியூபில் ஏற்றுகிறார்கள். அதன் கீழும் சிலர் குழாயடியைக் கட்டிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருத்தியின் தாயார் இருபது ஆண்டுகளாக வள்ளியாக நடிப்பவர். மகள் கல்லூரி விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதினாள். ‘கூத்தாடி மகள்’ என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட காது அல்லவா! அவள் தாயார் எப்படிப் பாடுவார் என்று கேட்டவர் அவளுக்கு இதுவரை ஒருவரும் இல்லை.

தோழியரே, நம் ஆண்டு மலரில் நாடக விமர்சனத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவை வேண்டுகிறேன். திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எழுதலாம். கேலி தாராளமாக இருக்கட்டும். மேடைக்கு மேலே நடந்ததோடு நிற்கட்டும். சென்ற சித்திரையில் எங்கள் ஊரில் பார்த்த நாடகத்துக்கு நானே ஒன்று எழுதிப் பார்த்தேன், மாதிரிக்கு:

“நாரதர் விருத்தம் நன்று, நீளம் அதிகம். பபூன் சொன்ன சிரிப்புகளில் இரண்டு புதியவை. யானை வரவேண்டிய இடத்தில் மின்சாரம் போய்விட்டதால் வள்ளி இருட்டைப் பார்த்தே பயப்பட வேண்டியதாயிற்று. மிருதங்கம் பாட்டுக்கு முன்னால் ஓடியது. வள்ளி தர்க்கத்தில் ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. காலை நாலு மணிக்கும் அவர் குரல் சுருதியை விட்டு விலகவில்லை. அடுத்த ஆண்டும் அவரையே அழைக்கலாம். சம்பளமும் கூட்டிக் கொடுக்கலாம்.”