சிபிடி எண்ணெய் கல்லீரலைப் பதம் பார்க்குமா? எலிக்குப் பதில் 'சிப்'பிடம் கேட்கும் விஞ்ஞானிகள்

தூக்கம் வரலையா? ரெண்டு சொட்டு. மூட்டு வலியா? அதுக்கும் ரெண்டு சொட்டு. அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் கடைகளில்கூட சிபிடி எண்ணெய் கிடைக்கிறது. 'போதை தராது, செடியிலிருந்து எடுத்தது, அப்புறம் என்ன பயம்?' என்பதுதான் விற்பவர்களின் வாதம்.

2018 டிசம்பரில் வந்த விவசாயச் சட்டம், 0.3 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி இல்லாத கஞ்சாச் செடியை 'ஹெம்ப்' எனத் தனியாகப் பிரித்து, போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. (சிலர் இதைச் 'சணல்' என்று எழுதுகிறார்கள். சணல் வேறு செடி.) சந்தை சூடுபிடித்தது அதன் பிறகுதான்.

ஆனால், கல்லீரல் பிரச்சினை அதற்கு முன்பே தெரியும். அதே ஆண்டு ஜூனில் ஒப்புதல் பெற்ற எபிடியோலெக்ஸ் என்ற வலிப்பு மருந்து, சுத்திகரித்த சிபிடிதான். கல்லீரல் நொதிகள் உயரலாம், வால்புரோயேட் மாத்திரையுடன் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்று அதன் லேபிளிலேயே எச்சரிக்கை உண்டு. 'அது நோயாளிகளுக்கான பெரிய டோஸ்' என்று சமாளித்தார்கள். 2025-ல் எஃப்டிஏ வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 28 நாட்கள் தினமும் கொடுத்தார்கள். அதாவது, 60 கிலோ எடை உள்ளவருக்கு 300 மில்லிகிராம். அவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு நொதி அளவு இயல்பான உச்சவரம்பைப்போல மூன்று மடங்கைத் தாண்டியது. போலி மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை.

சிபிடிக்கு இப்படிச் செய்துவிட்டார்கள். ஹெம்ப்பில் இருக்கும் சிபிஜி, சிபிஎன் என நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகளுக்கு? ஒவ்வொன்றுக்கும் மனிதர்களைத் தேட முடியாது. எலியின் கல்லீரல் மருந்தை உடைக்கும் விதமே வேறு. ஆய்வகங்களில் பல்லாண்டுகளாகப் புழங்கும் ஹெப்ஜி2 செல்களும் புற்றுக்கட்டியிலிருந்து வந்தவை. மருந்தை உடைக்கும் நொதிகள் அவற்றில் குறைவு. மூலப்பொருள் சாதுவாக இருந்து, உடைந்த பிறகு விஷமானால் அது அந்தச் செல்களுக்குத் தெரியவே தெரியாது.

இங்கேதான் 'கல்லீரல் சிப்' வருகிறது. கைக்குள் அடங்கும் பாலிமர் துண்டு, உள்ளே நுண்ணிய கால்வாய்கள், அதில் மனிதக் கல்லீரல் செல்கள். ரத்தம்போலத் திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். செல் ஆல்புமின் தயாரிப்பதைக் குறைக்கிறதா, நொதியைக் கசியவிடுகிறதா என்று பார்ப்பார்கள். 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று 870 சிப்களில் 27 மருந்துகளைச் சோதித்தது. கல்லீரலைக் கெடுப்பவற்றில் 87 சதவீதம் சிக்கின. பாதுகாப்பானது எதுவும் தவறாக மாட்டவில்லை.

சிபிடி விஷயத்தில் ஒரு சிக்கல். அது எண்ணெயில் கரையும் பொருள். சிப் செய்யப் பெரும்பாலும் பயன்படும் சிலிக்கோன் இத்தகைய பொருட்களை உறிஞ்சிக்கொள்ளும். ஊற்றியது ஒரு அளவு, செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு அளவு. அதை அளக்காமல் 'பாதுகாப்பானது' என்று சொன்னால், அந்த முடிவை நம்ப முடியாது.

விலங்குச் சோதனைக்குப் பதிலாகச் சிப் முடிவுகளையும் காட்டலாம் என்று 2022 டிசம்பரிலேயே அமெரிக்கா சட்டம் போட்டுவிட்டது. ஆனால், அது மருந்துகளுக்குத்தான். கடையில் விற்கும் சொட்டு எண்ணெய் மருந்தாக ஒப்புதல் கேட்டு வருவதே இல்லையே! இருக்கும் விதிகள் சிபிடிக்குப் பொருந்தாது, புதிய வழி வேண்டும் என்று 2023 ஜனவரியில் எஃப்டிஏவே கைவிரித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டன் உணவுத் தர அமைப்பு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கான தினசரி வரம்பை 70 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாகக் குறைத்தது.