கடைசிக் குதிப்புக்குப் பிறகு

விமானம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. பக்கவாட்டுக் கதவு திறக்கப்படுகிறது. காற்று பேரிரைச்சலோடு உள்ளே பாய்கிறது. இளையவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் குதித்த பின்னர், தலை நரைத்த ஒருவர் கதவருகே வந்து நிற்கிறார். நூற்றுக்கணக்கான முறை அவர் இதே இடத்தில் நின்றிருக்கிறார். இன்று மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. இதுவே தம் கடைசிக் குதிப்பு என்று அவர் முடிவு செய்திருக்கிறார். மூத்த வான்குடை வீரர் ஒருவர் விடைபெறும் நாள் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். தரையில் நண்பர்கள் காத்திருப்பார்கள், கைதட்டுவார்கள், கட்டித் தழுவுவார்கள், படம் பிடித்துக்கொள்வார்கள். மறுவாரம் விமானம் அவரின்றி மேலே எழும்.

வான்குடைக் குதிப்பில் மிகவும் கடினமானது முதல் குதிப்பே என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் கடைசிக் குதிப்பைத் தீர்மானிப்பதே அதைவிடக் கடினம். ஓட்டப்பந்தயத்தில் இளைய வீரர் முந்தும்போது, மூத்தவருக்குத் தம் நிலை விளங்கிவிடும். பூப்பந்திலும் தோல்விகள் தொடரும்போது ஓய்வுக்கான காலம் தெரிந்துவிடும். வானில் அப்படி எதிராளி யாரும் இல்லை, நடுவரும் இல்லை. "போதும்" என்ற சொல்லைக் குதிப்பவரே தமக்குத் தாம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அச்சொல்லுக்கு வலுவான காரணம் உண்டு. விமானத்திலிருந்து குதித்தவர் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் கீழே விழுகிறார். வான்குடை விரியும் வரை அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடமே. முதன்மை வான்குடை சரியாக விரியாவிட்டால், அதைக் கழற்றிவிட்டு மாற்று வான்குடையை விரிக்க வேண்டும். இந்த முடிவை எடுக்கச் சில விநாடிகளே இருக்கும். கண் தெளிவாகப் பார்க்க வேண்டும். கை தடுமாறக் கூடாது. தரையிறங்கும்போது முழங்காலும் கணுக்காலும் தாங்க வேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் ஆபத்து குதிப்பவரோடு நின்றுவிடாது. அருகில் குதிப்பவரும், அவரை நம்பிப் பழகும் மாணவரும் அதில் சிக்கிக்கொள்வர்.

"ஆறிலும் சாவு, நூறிலும் சாவு" என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்து குதிப்பதுதான் வீரம் என்று சிலர் வாதிடலாம். வான்குடை வீரர்கள் கற்கும் முதல் பாடம் அதுவன்று. கருவிகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும். காற்றோ மேகமோ சரியில்லை என்றால், மேலே சென்ற பிறகும் குதிக்காமல் விமானத்திலேயே திரும்பி வந்துவிட வேண்டும். குதிக்காமல் திரும்புவது கோழைத்தனம் ஆகாது. அவ்வாறே, உரிய காலத்தில் ஓய்வு பெறுவதும் அதே ஒழுங்கின் தொடர்ச்சியே ஆகும்.

வயது மட்டுமே இதற்கு அளவுகோல் என்று கூற முடியாது. 40 வயதைக் கடந்த குதிப்பாளர்களுக்கென்றே சங்கங்கள் உள்ளன. இந்திய இரயில்வே ஊழியரான ரேச்சல் தாமஸ், 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் வட துருவத்தில் 7,000 அடி உயரத்திலிருந்து குதித்தார். அப்போது அவர் 40 வயதை நன்கு கடந்தவர். இரு பிள்ளைகளுக்குத் தாய். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், 2014இல் தம் 90ஆவது பிறந்த நாளன்று வான்குடையில் இறங்கினார். ஆயினும், அவர் தனியாகக் குதிக்கவில்லை. அனுபவமிக்க ஒருவரோடு சேர்த்துக் கட்டப்பட்டே இறங்கினார். ஆகவே, ஒருவருக்கு எத்தனை வயது என்பது கேள்வியன்று. எந்தப் பொறுப்பை அவர் இன்னும் சுமக்க முடியும், எதை மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே கேள்வி.

இக்கேள்விக்குச் சிறந்த விடையாக அமைந்தவர் அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜோசப் கிட்டிங்கர். 1959ஆம் ஆண்டு நவம்பரில் மிக உயரத்திலிருந்து அவர் குதித்தபோது, சிறிய வான்குடை ஒன்று முன்கூட்டியே வெளிப்பட்டு அவரைச் சுற்றிக்கொண்டது. அவர் சுழன்று மயங்கினார். தானாக விரியும் வான்குடையே அவர் உயிரைக் காத்தது. 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், நியூ மெக்சிகோ மாநிலத்தில், பலூன் ஒன்றில் 31 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு அவர் சென்றார். மேலே ஏறும்போதே வலக்கைக் கையுறையில் அழுத்தக் கோளாறு ஏற்பட்டது. கை வீங்கிப் பயனற்றுப் போனது. ஆயினும், அவர் குதித்து உயிரோடு தரையிறங்கினார். மிக உயரத்திலிருந்து குதித்தவர் என்ற அவரது சாதனை 52 ஆண்டுகள் நிலைத்து நின்றது.

2012ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், ஆஸ்திரிய நாட்டு வீரர் பெலிக்ஸ் பாம்கார்ட்னர் அச்சாதனையை முறியடித்தார். அவர் குதித்த உயரம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர். அந்த நேரத்தில் தரையிலிருந்து வானொலி வழியாக அவரோடு பேசியவர், 84 வயதான கிட்டிங்கரே. தலைக்கவசக் கண்ணாடியின் வெப்பமூட்டியைப் பற்றி இளைய வீரருக்கு ஐயம் எழுந்தபோது, முதியவர் பதறாமல் பேசினார். கதவைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். தம் சாதனை தம் கண்முன்னே மறையப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். அது மறைவதற்கு அவரே துணைநின்றார்.

கிட்டிங்கருக்குக் கிடைத்த மிகச் சிறந்த மரியாதை எது? பதக்கமா, பாராட்டுரையா? வானொலியின் முன் அவருக்கு அளிக்கப்பட்ட அந்த நாற்காலியே ஆகும். அவர் உடல் மறுபடியும் அந்த உயரத்துக்குச் செல்லத் தேவையில்லை. அவரது அனுபவம் சென்றது. வீங்கிய கையும், சுழன்று மயங்கிய அந்த நொடியும் அடுத்தவருக்குப் பாடமாயின. "முன் ஏர் போன வழி பின் ஏர்" என்ற பழமொழி வானத்துக்கும் பொருந்தும் என்பதை அந்த நாள் காட்டியது.

இந்தச் செய்தி செமோர் போன்ற ஊர்களுக்கு எவ்வகையில் பொருந்தும்? ஈப்போவுக்கு வடக்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அருகே அமைந்த ஊர் செமோர். வான்குடைக் குதிப்புக்குப் பெயர்பெற்ற இடம் ஜொகூரின் சிகாமட். கோலாலம்பூர் கோபுரத்திலிருந்து குதிப்போரைக் காணவும் மக்கள் கூடுவதுண்டு. செமோரில் அத்தகைய திடல் இல்லை. ஆனால், விடைபெறுவோர் இங்கும் உண்டு. பல ஆண்டுகள் காற்பந்து பயிற்றுவித்தவர், பள்ளித் திடலில் குறுக்கோட்டப் பயிற்சி அளித்தவர், கோயில் திருவிழாவில் உறுமி மேளக் குழுவை நடத்தியவர் எனப் பலர் ஒரு நாள் ஒதுங்கிக்கொள்கின்றனர்.

அவர்களுக்கு ஊர் விடை கொடுக்கும் முறையும் அழகானதே. மண்டபத்தில் நாற்காலிகள் போடப்படும். மாலை அணிவித்துப் பொன்னாடை போர்த்துவார்கள். தலைவர்கள் பேசுவார்கள். நினைவுச் சின்னம் வழங்கப்படும். பழைய மாணவர்கள் "வாத்தியாரே!" என்று அழைத்தபடி கையைப் பற்றிக்கொள்வார்கள். பிறகு விருந்து நடைபெறும். நன்றி மறவாமை தமிழர் பண்பு என்பதற்கு இது சான்று. ஆயினும், விழா அந்த மாலையோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் பொன்னாடை அலமாரிக்குள் போகிறது. நினைவுச் சின்னம் கண்ணாடிப் பேழைக்குள் போகிறது. அவர் கற்றவை எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

தோட்டப்புற வாழ்க்கை இந்த இழப்பை முன்பே கண்டிருக்கிறது. ஒரு காலத்தில் செமோரைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பால்மரம் வெட்டுவது எவருக்கும் ஒரே நாளில் வந்துவிடும் வேலையன்று. கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். அந்த அளவை மூத்தவரின் அருகில் நின்று, கண்ணால் பார்த்து, கையால் பழகியே இளையோர் கற்றனர். மாலையில் தோட்டத்துத் திடலில் காற்பந்தும் சடுகுடுவும் அவ்வாறே கற்பிக்கப்பட்டன. பின்னர், தோட்டங்கள் பல விற்கப்பட்டன. மக்கள் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் சிதறினர். அத்திடல்களுக்கு யாரும் விடைகொடுப்பு விழா நடத்தவில்லை. அங்கு விளையாடியவர்களின் அனுபவங்களுள் பல எழுதப்படாமலே மறைந்தன.

பேராக் மாநிலத்துக்குப் பெருமை சேர்த்த டாக்டர் மணி ஜெகதீசனின் வாழ்க்கையும் இங்குச் சிந்திக்கத்தக்கது. 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தூரத்தை 20.92 விநாடிகளில் ஓடினார். ஓட்டத்திலிருந்து விலகிய பின்னர், மருத்துவராகத் தொண்டாற்றியதோடு, விளையாட்டு மருத்துவத் துறைக்கும் தம் அறிவை வழங்கினார். அவர் விளையாட்டை விட்டுப் போகவில்லை. ஓடுபாதையை மட்டுமே விட்டார். அவரது 200 மீட்டர் தேசியச் சாதனை 2017ஆம் ஆண்டில்தான் முறியடிக்கப்பட்டது. ஏறத்தாழ 49 ஆண்டுகள் நிலைத்த சாதனை அவருக்குப் பெருமை. நாட்டுக்கோ அது ஒரு கேள்வியுமாகும். ஒரு தலைமுறையின் வேகம் அடுத்த தலைமுறையின் கால்களுக்குச் சென்று சேர ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று?

அண்மைக் காலத்தில் சுவர்ப்பந்து வீராங்கனை நிக்கோல் டேவிட் இதற்கு ஒரு வழி காட்டியுள்ளார். எட்டு முறை உலக வெற்றியாளரான அவர், 2019ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் அறநிறுவனம் ஒன்றைத் தொடங்கி, சிறுவர்களுக்குச் சுவர்ப்பந்தோடு ஆங்கிலமும் கற்பிக்க வழிசெய்தார். விடைபெறுதல் என்பது முற்றுப்புள்ளியாக இருக்க வேண்டியதில்லை என்பதை அவரது பணி உணர்த்துகிறது.

"ஓடி ஓடிக் களைத்தவரை இனியாவது ஓய்வெடுக்க விடுங்கள்" என்று சிலர் கூறலாம். அது நியாயமான கருத்தே. ஓய்வு அவரது உரிமை; அதில் கட்டாயம் கூடாது. "மூத்தவர்கள் தொடர்ந்து இருந்தால் இளையோரைத் தலையெடுக்க விடமாட்டார்கள்" என்று வேறு சிலர் அஞ்சலாம். அதிலும் உண்மை உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் குழுவின் ஒவ்வொரு முடிவிலும் தலையிடுபவர் விடைபெற்றவர் ஆகமாட்டார். கிட்டிங்கர் அப்படிச் செய்யவில்லை. குதிக்கும் இடத்தை இளையவருக்கு விட்டுக்கொடுத்தார். தரையில் இருந்துகொண்டு, தேவையானபோது தேவையானதை மட்டும் சொன்னார். இடத்தை விட்டுக்கொடுப்பதும் அனுபவத்தைக் கொடுப்பதும் ஒன்றாக நிகழ வேண்டும்.

ஆகவே, விடைகொடுப்பு விழாக்களின் போக்கு சற்று மாற வேண்டும். மாலையும் பொன்னாடையும் இருக்கட்டும். அவற்றோடு, விடைபெறுபவர் அரை மணி நேரமாவது தம் வெற்றிகளைப் பற்றி மட்டுமின்றித் தம் தவறுகளைப் பற்றியும் பேச மேடை அமைத்துத் தர வேண்டும். எந்த ஆட்டத்தில் தவறாக முடிவெடுத்தார், எந்தக் காயத்தை மறைத்தார், யாரை இன்னும் நன்றாகப் பயிற்றுவித்திருக்கலாம் என்பவை இளையோருக்குப் பாராட்டுரைகளைவிடப் பயன்படும். விழா நடைபெறுவதற்கு முன்பே, சில மாதங்களாவது புதிய பயிற்றுநர் அவருடன் இணைந்து பணியாற்ற வேண்டும்.

இதில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. இன்று பலரது கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஊரில் ஓய்வு பெறும் ஒருவரை நேரில் சந்தித்து, அவரது இசைவோடு உரையாடலைப் பதிவு செய்து, அதைத் தமிழில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். பெரும் பொருட்செலவு தேவையில்லை. கேட்கும் பொறுமையும் எழுதும் முயற்சியும் போதும்.

வான்குடை வீரர் தரையிறங்கியதும் செய்யும் முதல் வேலை, பரந்து கிடக்கும் துணியைக் கையில் அள்ளிச் சேர்ப்பதுதான். பின்னர் அதைக் கவனமாக மடித்துப் பைக்குள் வைக்கிறார். கயிறு ஒன்று சிக்கினாலும் அடுத்த குதிப்பு ஆபத்தாகிவிடும். கடைசிக் குதிப்பை முடித்தவருக்கு அந்த வான்குடை இனித் தேவைப்படாது. ஆயினும், அதை எப்படி மடிக்க வேண்டும் என்று அருகில் நிற்கும் இளையவருக்கு அவர் காட்டிக்கொடுக்கலாம். அவரைச் சுற்றி நின்று கைதட்டுபவர்கள் அதற்குச் சற்று நேரம் கொடுக்க வேண்டும்.