போத்தலின் விலையும் முட்டியின் விலையும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் மதுவைப் பற்றி எழும் வாதங்கள் யாவும் ஒழுக்கத்தின் பெயரால் தொடங்கி ஒழுக்கத்தின் பெயராலேயே முடிந்துவிடுகின்றன. குடி குடியைக் கெடுக்கும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எந்தக் குடி, எவரது குடியை, எவ்வளவு விலைக்குக் கெடுக்கின்றது என்ற கணக்கைப் பார்ப்போர் மிகச் சிலர். அக்கணக்கைப் பாராமலே கள்ளை இழிந்தோர் பானமென்றும் பியரை நாகரிகத்தின் அடையாளமென்றும் தரம்பிரிக்கும் மனோபாவம் கற்றோரிடையே வேரூன்றியுள்ளது. ஏ-9 வீதியோரத்தில் குளிரூட்டப்பட்ட போத்தலை வாங்கிச் செல்லும் அரசாங்க உத்தியோகத்தர் தவறணை வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கின்றார். பொருளியல் நோக்கில் அவர் முகந்திருப்ப வேண்டிய இடம் வேறு.

மேலைநாடுகளில் இதே பிரச்சினை வேறொரு வடிவில் விவாதிக்கப்படுகின்றது. ‘கிராஃப்ட் பியர்’ எனப்படும் சிற்றாலைப் பியருக்குக் கொடுக்கும் விலை நியாயமானதா, அதனை வீட்டிலேயே காய்ச்சிக் கொள்வது இலாபமானதா என்பதே அவ்விவாதம். வீட்டில் காய்ச்சுபவர் மோல்ட், ஹொப்ஸ், ஈஸ்ட் ஆகியவற்றின் விலையைக் கூட்டிப் பார்த்து, கடையில் ஒரு போத்தலுக்குக் கொடுக்கும் காசில் தமக்குப் பல போத்தல்கள் கிடைக்கின்றன என்று மகிழ்கின்றார். சிற்றாலைக்காரரோ கட்டட வாடகை, கூலி, வரி, சிறிய அளவில் உற்பத்தி செய்வதால் ஏறும் செலவு என ஒரு பட்டியலை நீட்டுகின்றார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. வீட்டுக்காரரின் கணக்கில் விடுபட்டுப் போவது அவரது சொந்த உழைப்பு. ஞாயிற்றுக்கிழமையைப் பானையின் அருகிற் கழிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு ஆகையால் அதற்கு அவர் விலை போடுவதில்லை. இந்த விடுபாடு வன்னிக்கு வரும்போது எவ்வளவு பாரதூரமானதாகின்றது என்பது பின்னர் புலனாகும்.

வீட்டிற் காய்ச்சும் உரிமை அந்நாட்டவருக்கும் இயல்பாகவே கிடைத்ததொன்றன்று. பிரித்தானியாவில் 1880இல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் வீட்டிற் பியர் காய்ச்சுவோரையும் அனுமதிப்பத்திரம் பெற வைத்தது. எண்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1963இல், நிதியமைச்சர் மோட்லிங் அதனை நீக்கினார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மதுவிலக்கு 1933இல் முடிவுற்ற போதிலும் வீட்டுப் பியருக்கான கூட்டாட்சித் தடை நீங்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வயதுவந்தோர் ஒருவர் மட்டுமுள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 200 கலன் என எல்லை வகுக்கப்பட்டது. அத்தடை நீங்கிய பின்னர் வீட்டிற் காய்ச்சிப் பழகியவர்கள் பலர் ஆலை தொடங்கினர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா அவ்வாறு 1980 அளவில் எழுந்த ஒன்று. இன்று உயர்விலைக்கு விற்கப்படும் சிற்றாலைப் பியரின் தாய்வீடு, சாதாரண மக்களின் சமையலறையே ஆகும். அரசு தன் கையைச் சற்றுத் தளர்த்தியதால் ஒரு தொழில் பிறந்தது.

இனி வன்னிக்கு வருவோம். இங்கே மோல்ட் வேண்டியதில்லை, ஹொப்ஸ் வேண்டியதில்லை, அடுப்பும் வேண்டியதில்லை. பாளையைச் சீவி முட்டி கட்டினால் சொட்டுகின்ற சாற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட அளவு வெல்லம் உண்டு. காற்றிலும் முட்டியிலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதனை நொதிக்கச் செய்துவிடுகின்றன. முட்டியினுட் சுண்ணாம்பு பூசினால் அதே சாறு நொதியாமல் கருப்பநீராக நிற்கும், பூசாதுவிட்டால் கள், ஒரு நாள் கடந்தாற் புளித்துக் காடியாகும் வழியிற் செல்லும். உலகில் இதைவிட எளிய மதுவுற்பத்தி முறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பூநகரியின் பனங்கூடல்களும் பளையின் தென்னந்தோட்டங்களும் முல்லைத்தீவுக் கரையோரக் காணிகளும் மேலைநாட்டு வீட்டுக்காரர் பொறாமைப்படத்தக்க ஆலைகள்.

ஆயினும் இவ்வாலையைத் திறப்பதற்குத் திறவுகோல் காணிக்காரரிடமும் இல்லை, சீவுபவரிடமும் இல்லை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அதனை அரசின் கையிற் கொடுத்தது. கள் இறக்குவதற்கு அனுமதி வேண்டும். மரம் தன் வளவில் நிற்கிறது என்பது போதிய நியாயமாகாது. அச்சட்டம் வந்த காலத்து வரலாறு மனங்கொள்ளத்தக்கது. குடியேற்ற அரசு அப்போது கள்ளுத் தவறணைகளின் தொகையைப் பெருக்க முற்பட்டது. அதற்கெதிராக நாடளாவிய மதுவொழிப்புக் கிளர்ச்சி எழுந்தது. சேனநாயக்கா சகோதரர் போன்றோர் அதன் வழியே அரசியல் மேடைக்கு வந்தனர். அதே காலத்து இலங்கை முதலாளி வர்க்கத்தின் கணிசமான பகுதியினர் சாராயக் குத்தகையால் மூலதனம் திரட்டியவர்கள் என்பதைக் குமாரி ஜெயவர்தனா தமது ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். மது ஒரு புறம் மூலதனத்தையும் மறு புறம் தேசியத் தலைமையையும் வளர்த்த விந்தை அது. இவ்விரண்டிலும் மரமேறியவனுக்கு எப்பங்கும் கிடைக்கவில்லை.

1970களின் தொடக்கத்தில் வடபுலத்திற் குத்தகை முறைக்குப் பதிலாகச் சீவற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியமை இவ்வரலாற்றில் நிகழ்ந்த ஒரேயொரு பெருந்திருப்பம் எனலாம். தவறணை முதலாளி குறித்த விலைக்குக் கள்ளை அளந்து கொடுத்து, கடனில் அமிழ்ந்து கிடந்த தொழிலாளி தனது சங்கத்துக்கு அளக்கும் நிலை ஏற்பட்டது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. குறைபாடுகள் பல இருந்தபோதிலும், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் கையிற் கணக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது சாதாரண விடயமன்று. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இச்சங்கங்கள் போரினூடே சிதைந்து மீண்டும் எழுந்தவை.

இப்போது போத்தலின் கணக்கைப் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் மதுவரி மீண்டும் மீண்டும் உயர்த்தப்பட்டது. 2024 ஜனவரியிற் பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமாயிற்று. ஒரு போத்தல் பியர் ஐந்நூறு ரூபாவைத் தாண்டிவிட்டது. வாரத்திற்கு மூன்று போத்தல் அருந்தும் கூலித்தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொண்டால், ஐந்நூறு ரூபா என்று குறைத்து மதித்தாலும், வாரம் ஆயிரத்து ஐந்நூறு, ஆண்டுக்கு எழுபத்தெட்டாயிரம் ரூபா அவர் வீட்டை விட்டு வெளியேறுகின்றது. அது எங்கே செல்கின்றது? ஒரு பகுதி திறைசேரிக்கு. ஒரு பகுதி பியகமை போன்ற இடங்களிலுள்ள ஆலைகளுக்கும் அவற்றின் பங்குதாரர்க்கும். இன்னொரு பகுதி கடலுக்கு அப்பால். ஏனெனில் பியருக்கு வேண்டிய மோல்ட்டும் ஹொப்ஸும் இந்நாட்டில் விளைவனவல்ல. டொலர் இல்லாமையால் எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்டிலே, அந்நியச் செலாவணி கொண்டு வாங்கிய மூலப்பொருளால் ஆன பானம் நாகரிகமானது. வளவில் நிற்கும் மரத்தின் பானம் அநாகரிகமானது!

தவறணையிற் கள் அப்போத்தல் விலையின் ஒரு சிறுபகுதிக்கே கிடைக்கின்றது. அவ்வாறு கொடுக்கப்படும் காசு மரமேறியவருக்கும், மரத்துக்குரியவருக்கும், சங்கத்துக்குமாகப் பிரிந்து பெரும்பாலும் அதே பிரதேச செயலாளர் பிரிவுக்குள்ளேயே சுழல்கின்றது. இவ்வேறுபாட்டை விலைப்பட்டியல் காட்டுவதில்லை.

வருவாய் என்ற வாதம் உடனே முன்வைக்கப்படும். பியரும் சாராயமும் திறைசேரிக்குக் கொடுப்பதைக் கள் கொடுப்பதில்லை என்பது மெய்யே. ஆயின் கிளிநொச்சிக் கூலிக்காரரின் பையிலிருந்து எடுத்த வரி கிளிநொச்சியின் குளத்துக்கோ மருத்துவமனைக்கோ அதே அளவிற் திரும்பி வருகின்றதா என்று வினவும் உரிமை அம்மக்களுக்கு உண்டு. 2024இல் வழங்கப்பட்ட புதிய மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரிற் பாராளுமன்றத்தில் வெளிப்பட்டபோது, மக்கட்டொகை குறைந்த மாவட்டமாகிய கிளிநொச்சியின் பெயர் பலரின் புருவத்தை உயரச் செய்தது. போத்தலுக்குக் கடை திறக்க அனுமதி கிடைக்கும் வேகத்துடன் சீவற்றொழிலாளியின் கோரிக்கைகள் தீர்க்கப்பட்டதாக எவரும் கூறத் துணியார்.

இதைவிட வலுவான எதிர்வாதம் பெண்களிடமிருந்து வருகின்றது. அதனை ஏளனம் செய்வோர் வன்னியை அறியாதோர். 2009க்குப் பின்னர் கணவனை இழந்தோ, கணவன் இருந்தும் இல்லாத நிலையிலோ குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பல்லாயிரவர். மதுக்கடை வேண்டாமென்று வீதிக்கு வந்தோரும் அவர்களே. கள்ளாயினும் பியராயினும் அடி விழுவது ஒரே முதுகில்தான் என்று அவர்கள் கூறும்போது அதற்கு எளிய மறுமொழி கிடையாது. கள் மருந்து என்றும் உணவு என்றும் புகழ்ந்து எழுதுவோர் இவ்விடத்தில் மௌனமாயிருப்பது நன்று. கள்ளும் வெறிக்கும், அதனாலும் குடும்பங்கள் அழிந்துள்ளன.

எனினும் அப்பெண்கள் முகங்கொடுக்கும் உண்மையான தெரிவு குடிக்கும் குடியாமைக்கும் இடையிலானதா என்பது ஆராயப்பட வேண்டும். தமிழ்நாட்டின் அனுபவம் இங்கு துணைபுரியும். அங்கே 1987 ஜனவரி முதல் கள் தடைசெய்யப்பட்டது. ஆனால் 1983இல் உருவான அரச நிறுவனமாகிய டாஸ்மாக் போத்தல் மதுவை ஊரூராக விற்றது. மரத்தைப் பூட்டியவர்கள் போத்தலைத் திறந்துவைத்தனர். குடி ஒழியவில்லை, பனையேறிகளின் தொழிலே ஒழிந்தது. வன்னியிலோ போத்தலின் விலை ஏற ஏற, அதை வாங்க இயலாதவர் கசிப்பை நாடுகின்றார். சீனியும் ஈஸ்டும் கொண்டு காட்டோரத்திற் காய்ச்சப்படும் கசிப்பின் செறிவை அளப்பார் இல்லை. அதிற் சேர்வன எவையென்று சொல்வாரும் இல்லை. அதனைப் பதுக்கலாம், வாரக்கணக்கில் வைத்திருக்கலாம், மோட்டார் சைக்கிளில் ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லலாம். கள்ளுக்கு இந்த வசதிகள் இல்லை. காலையில் இறக்கியது மறுநாட் புளித்துவிடும். மதுவின் வீரியமும் பொதுவாக மென்பியரின் அளவை அண்டியதே. எட்டு வீதத்துக்கு மேற்பட்ட வலுப் பியருடன் அதனை ஒப்பிடவியலாது. கெட்டுப்போகும் இயல்பே கள்ளின் சிறந்த கட்டுப்பாடு என்று கூறுவது வேடிக்கையாகத் தோன்றினும் பொய்யாகாது.

இனி, முன்னர் ஒத்திவைத்த உழைப்பின் கணக்கு. ‘எங்கள் வளவு, எங்கள் மரம், எங்கள் தேவைக்கு இறக்க ஏன் அனுமதி?’ என்று காணிக்காரர் கேட்பது நியாயமாகவே ஒலிக்கும். மேலைநாட்டு வீட்டுரிமையை அவர் மேற்கோள் காட்டவும் கூடும். ஆனால் அந்நாட்டு வீட்டுக்காரர் தன் பானையைத் தானே கழுவுகின்றார். இங்குள்ள காணிக்காரர் மரத்தில் ஏறுவதில்லை. காலையும் மாலையும் தளநாரைக் காலிற் பூட்டி, பாளைக்கத்தியும் குடுவையும் இடுப்பிற் தொங்க, அறுபது எழுபது அடி உயரத்துக்கு ஏறி இறங்குபவர் வேறொருவர். மழையில் வழுக்கும் மரம் அவருக்கு விடுமுறை தருவதில்லை. பாளை ஒருநாட் சீவாதுவிட்டாற் பழுதாகும். விழுந்தவர் எழுந்திருப்பது அரிது. எழுந்தாலும் முள்ளந்தண்டு முறிந்தவராய் எழுவார். ‘வீட்டுத் தேவை’ என்ற பெயரிற் காணிக்காரருக்கு மட்டும் உரிமை வழங்கப்படின், சங்கங்கள் தோன்றுவதற்கு முந்திய உறவு புறவாசலால் மீண்டும் நுழையும். கள் மலிவானது என்போர் எவரது கூலியைக் குறைத்து அதனை மலிவாக்கினர் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆகையால் கோரப்பட வேண்டியது மரத்துக்கான உரிமையன்று, தொழிலுக்கான உரிமை. அனுமதிப்பத்திரம் சீவுபவரின் பெயரில், சங்கத்தின் பதிவில் வழங்கப்படலாம். அவர் எந்த வளவில் எத்தனை மரம் சீவுகின்றார் என்பது சங்க ஏட்டில் இருக்கும். வீட்டுக்காரர் தமக்குரிய கள்ளையோ கருப்பநீரையோ குறித்த விலைக்கு அவரிடமே பெறுவார். போத்தல் மதுவில் அறவிடப்படும் வரியின் ஒரு சிறு வீதத்தை மரமேறுவோரின் விபத்துக் காப்புறுதிக்கு ஒதுக்குவது திறைசேரியைத் திவாலாக்கிவிடாது. கருப்பநீருக்கும் பனங்கட்டிக்கும் கள்ளைவிட நல்ல விலை கிடைக்கும் வகை செய்தால், தொழிலாளியே முட்டியிற் சுண்ணாம்பு பூசுவார். மதுவொழிப்பை விரும்புவோர் மேடையிற் பேசும் நேரத்தின் பாதியை அதற்குச் செலவிடலாம்.

போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக வெட்டி வீழ்த்தப்பட்ட பனைகள் எண்ணற்றவை. மீள்குடியேற்றத்தின் பின்னர் பல இடங்களிற் புதிதாகப் பனம்விதைகள் ஊன்றப்பட்டன. பனை பாளைவிடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். 2010 அளவில் ஊன்றியவற்றுட் பிழைத்தவை இவ்வாண்டுகளிலேயே பருவத்துக்கு வருகின்றன. அவற்றில் ஏறத் தெரிந்தோரின் பிள்ளைகளோ ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்குக்கும் போய்க்கொண்டிருக்கின்றனர். அம்மரங்களில் ஏறுவது யார், எவர் பெயரிலுள்ள அனுமதிப்பத்திரத்துடன், என்ன விலைக்கு என்பதை மதுவரித் திணைக்களமும் பனை அபிவிருத்திச் சபையும் அடுத்த சீவற்பருவம் தொடங்குமுன் சொல்லியாக வேண்டும்.