இணைப்பின் வலிமையை எதனால் அளப்பது?

அலுமினியத்தை உருக்கிப் பற்றவைப்பது எளிதன்று. உலோகம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும்; அதனைப் போர்த்தியுள்ள ஆக்சைடுப் படலமோ 2,000 டிகிரியைக் கடந்தாலன்றி உருகாது. மேலும், உருகிய உலோகம் ஹைட்ரஜனை உட்கொண்டு, உறையும்போது நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. இத்தொல்லைகளுக்கு மாற்றாக 1991-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள வெல்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிறந்ததே உராய்வுக் கிளறல் முறை. சுழலும் எஃகு முனையொன்று தகடுகள் சேரும் வரியில் இறங்கி, உலோகத்தை உருக்காமலே குழைத்துக் கிளறி ஒன்றாக்கிக்கொண்டு நகர்கிறது. 1999-இல் டெல்டா-2 ராக்கெட்டில் இத்தகைய இணைப்பு விண்ணேறியது. ஜப்பானில் இரயில் பெட்டிகளும் இவ்வாறு இணைக்கப்படுகின்றன.

இவ்விணைப்பு மூல உலோகத்துக்கு நிகரான வலிமையுடையது என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மையே. மக்னீசியம் கலந்த 5083 கலவை, இளக்கிய பதத்தில் இருக்குமாயின், கூற்று பொருந்தும். 6061 கலவை டி-6 பதத்தில் இருக்குமாயின் பொருந்தாது. அதன் இழுவலிமை ஏறத்தாழ 310 மெகாபாஸ்கல். அவ்வலிமையைத் தருபவை, வெப்பப் பதத்தால் உள்ளே விளைந்த மக்னீசியம்-சிலிக்கன் நுண்துகள்கள். கிளறலின் சூடு உலோகத்தை உருக்காவிடினும் அத்துகள்களைப் பருக்கச் செய்கிறது. சிலவற்றைக் கரைத்தும் விடுகிறது. ஆகவே இணைப்பு 200 மெகாபாஸ்கலையொட்டியே அறுந்துவிடக்கூடும். அதுவும் கிளறிய இடத்திலன்று, அதன் அருகே சூடுபட்ட ஓரத்தில். “உருகவில்லை, ஆதலால் கெடவில்லை” என்று மாணவர்க்குக் கற்பிப்பது தவறு. கெட்டிப்பட்ட அலுமினியத் துண்டில் சோப்பைத் தேய்த்து, சோப்புக் கறுக்கும்வரை சூடேற்றி, ஆறியபின் வளைத்துக் காட்டினால் போதும். உருகாமலே உலோகம் இளகியிருப்பதை மாணவர் கையாலேயே உணர்வர்.

எனவே பரிசோதனை அறிக்கையில் வலிமை எண்ணை மட்டும் எழுதுவது பயனற்றது. கலவை எது, பதம் எது, எந்த இடத்தில் அறுந்தது என்பனவும் உடன் வரவேண்டும். சூடுபட்ட ஓரத்தில் அறுந்தால் அது எதிர்பார்த்த தளர்ச்சி. தகட்டின் தடிப்பைக் கூட்டி வடிவமைப்பாளர் ஈடு செய்யலாம். கிளறிய பகுதியின் அடியில் அறுந்தாலோ அது செய்முறைக் குற்றம். முனை அடிவரை எட்டாதபோது இரு தகடுகளும் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும், ஒன்றாவதில்லை. மேற்புறம் வழவழப்பாகவே இருக்கும். (அவ்வழகில் மயங்கிய மேற்பார்வையாளர் பலர்.) எக்ஸ்-கதிரும் இதனைப் பெரும்பாலும் காட்டாது, இழுவைச் சோதனையிலும் இது சில வேளை தப்பிவிடும். பின்னர், ஓடும் வண்டியின் இடையறாத அதிர்வில், அங்கிருந்தே விரிசல் தொடங்கும்.

இதனைக் காட்டிக்கொடுப்பது எளிய வளைவுச் சோதனை: அடிப்புறம் வெளியே இருக்குமாறு துண்டை உருளையின்மேல் வளைத்தால், ஒட்டாத வரி வாய்பிளக்கும். நேரமும் செலவும் மிச்சமாகும் என்று இச்சோதனையை விடுவது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. கருவி முனை தேய்ந்து மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டையேனும் இவ்வாறு வளைத்துப் பார்த்த பின்னரே வேலையைத் தொடரவிட வேண்டும்.