புறநகர் வாழ்வும் அதன் அமைதியும்

நகரத்தில் வாழ்வோர் நகரத்தை வைவதும், வைதுகொண்டே அதனை விட்டு நீங்காதிருப்பதும் உலக இயல்பு. இரைச்சலும் புகையும் நெருக்கமும் வேண்டா; ஆயின் நகரம் அளிக்கும் ஊதியமும் கல்வியும் மருத்துவ உதவியும் கேளிக்கையும் வேண்டும். இவ்விரு விருப்பமும் ஒருங்கே கைகூடுதற்கு மக்கள் கண்ட உபாயமே புறநகர் என்பது. நம் கல்லூரி மாணவருட் பலர் பட்டம் பெற்றபின் பெருநகரொன்றில் ஊழியம் ஏற்று அதன் விளிம்பில் வீடு தேடப் போகின்றவர். பழைய மாணவருட் பலர் தேடிக் கண்டவர். ஆதலின் புறநகரின் அமைதி யாது, அஃது எவ்வாறு உண்டாயிற்று, அதற்கு விலை கொடுத்தார் யாவர் என்பதனை ஓர் உண்மை வரலாற்றை முன்வைத்து ஆராய்தல் இம்மலருக்குப் பொருந்துவதாகும் என்று கருதுகின்றோம்.

இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்க நாட்டினர் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பேர் படைத்தொழில் மேற்கொண்டனர். 1945ஆம் ஆண்டில் போர் முடிந்து அவர்கள் மீண்டபோது வெற்றி முழக்கம் கேட்டதேயன்றி, குடியிருக்க வீடு கிடைத்திலது. 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி முதற்கொண்டே வீடு கட்டும் தொழில் தளர்ந்து கிடந்தது. போர்க்காலத்திலோ மரமும் இரும்பும் படைக்கே சென்றன. மணமான இளைஞர் தம் பெற்றோர் வீட்டு அறையொன்றில் ஒடுங்கினர். சிகாகோ நகரத்திற் பழைய டிராம் வண்டிகள் வீடுகளாக விற்கப்பட்டன என்றால் அக்காலத்து நெருக்கடியை வேறு விளக்கவும் வேண்டுமோ? வீரர்க்கு முன்பணமின்றி வீட்டுக்கடன் கிடைக்குமாறு அரசாங்கத்தார் பொறுப்பேற்கும் சட்டம் 1944ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. கடன் கொடுக்க ஆளுண்டு. கொள்வதற்கு வீடுதான் இல்லை.

இந்நிலையிற் புகுந்தவர் லெவிட் என்னும் குடும்பத்தார். தந்தை ஆபிரகாம், மக்கள் வில்லியம், ஆல்பிரட் இருவர். நியூயார்க் நகரின் கிழக்கே, லாங் தீவில், 25 அல்லது 30 மைல் தொலைவிற் பரந்து கிடந்த உருளைக்கிழங்கு வயல்களை அவர்கள் வாங்கினர். பயிரின் வேரைப் பற்றும் ஒருவகை நூற்புழுவால் அவ்வயல்கள் நலிந்திருந்தமையின் உழவர்க்கும் விற்றல் நன்றாகவே தோன்றிற்று. புழுவொன்று ஓர் ஊருக்கு இடங்கொடுத்தது என்று சொன்னாலும் பிழையன்று. 1947ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் முதற் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1951ஆம் ஆண்டிற்குள் 17,447 வீடுகள் எழுந்துவிட்டன. ஊரின் பெயரும் லெவிட்டவுன் ஆயிற்று.

அவ்வீடுகள் எழுந்த விதம் அறியத்தக்கது. மோட்டார்த் தொழிற்சாலையில் வண்டி நகர்ந்து செல்லத் தொழிலாளர் நின்ற இடத்தில் நிற்பர். இங்கோ வீடு நிற்கத் தொழிலாளர் நகர்ந்தனர். கட்டும் வேலை ஏறத்தாழ 27 கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கூட்டத்தார் தளம் இடுவர். அவர் அடுத்த மனைக்குச் சென்றதும் மற்றொரு கூட்டத்தார் சட்டம் நிறுத்துவர். வெள்ளை வண்ணம் பூசுவார் வேறு, சிவப்பு வண்ணம் பூசுவார் வேறு. மரத்திற்கெனக் கலிபோர்னியாவிற் காடு வாங்கினர்; ஆணியையும் தாமே செய்தனர். வேலை மும்முரமான நாளில் ஒரு பகற்குள் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் முடிவுற்றன. நிலவறை இன்றிக் காங்கிரீட் தளத்தின்மேல் வீடு எழுப்பும் முறைக்கு அவ்விடத்து நகராட்சி விதி முதலில் இடங்கொடுக்கவில்லை. போர்வீரர் திரண்டு சென்று வேண்டவே 1947இல் விதி திருத்தப்பட்டது. அத்தளத்தினுள்ளே செப்புக் குழாய்களைப் புதைத்து வெந்நீர் ஓடவிட்டமையாற் குளிர்காலத்தில் தரையே கணகணவென்றிருக்கும். 60 அடிக்கு 100 அடி மனை, அதில் 750 சதுர அடி வீடு, இரண்டு படுக்கையறை, பின்னாளில் மக்கள் பெருகினால் அறை அமைத்துக்கொள்ள மேற்கூரையின் கீழே வெற்றிடம். முதலில் வீடுகள் மாதம் 60 டாலர் குடிக்கூலிக்கு விடப்பட்டன; பிறகு 7,990 டாலருக்கு வீடுகள் விற்பனைக்கு வந்தன. போர்வீரர் முன்பணம் ஒன்றும் கொடாமல், குடிக்கூலியிலுங் குறைந்த 58 டாலரை மாதந்தோறும் செலுத்தி வீட்டுக்குரியவராயினர். நகரத்தில் இருட்டறைக்குக் கொடுத்ததினும் குறைவாகக் கொடுத்து மரமும் புல்வெளியும் தமக்கென ஒரு கதவும் பெற்ற குடும்பத்தின் மகிழ்ச்சியை நாம் எளிதாக எண்ணலாகாது.

அமைதியும் அங்கே இருந்தது. ஆனால் அது தானே விளைந்த அமைதியன்று; விதியிட்டு விளைவித்தது. புல்லை வாரந்தோறும் வெட்டவேண்டும். வெட்டாதவர் மனைக்கு லெவிட்டார் ஆளனுப்பி வெட்டுவித்துக் கூலியை வீட்டார்மேற் சுமத்துவர். வேலி கட்டலாகாது. துவைத்த துணியைக் கொடி கட்டி உலர்த்தலாகாது. சுழலும் சட்டத்தின்மேல் உலர்த்தலாம், அதுவும் சனி ஞாயிறுகளில் ஆகாது. துணி உலர்த்தும் நாளையும் ஒருவன் வகுத்துக்கொடுக்க, அதனைக் குடியரசு நாட்டின் போர்வீரர் ஏற்று நடந்தனர் என்பது நமக்குச் சிறிது நகை விளைக்கின்றது.

கற்றோர் சிலருக்கு இவ்வூர்மேல் வேறொரு சினம். வீடெல்லாம் ஒரே வார்ப்பு; அவ்வீட்டில் வாழ்வோரும் ஒரே வார்ப்பாகிவிடுவர் என்று அவர் பழித்தனர். நகர வரலாறு எழுதிய லூயிஸ் மம்போர்டு என்னும் அறிஞர் அவருள் தலையாயவர். நாம் அக்கூற்றை ஏற்கவில்லை. ஒரே வடிவான வீட்டில் வாழ்ந்தமையால் மனம் ஒரே வடிவாகும் எனின், ஒட்டுச் சுவர்களோடு வரிசை வரிசையாக எழுந்த பழைய தெருக்களிற் பிறந்தவர் யாவரும் ஒருவரை ஒருவர் ஒத்திருத்தல் வேண்டும். ஹெர்பர்ட் கான்ஸ் என்னும் சமூகவியலார், லெவிட்டார் நியூஜெர்சி மாகாணத்தில் 1958ஆம் ஆண்டில் திறந்த மூன்றாம் ஊரிலே தாமே ஒரு வீடு வாங்கிக் குடியிருந்து பார்த்து, 1967ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். புறநகர் மக்களை மாற்றிவிடவில்லை. மக்களே தாம் விரும்பிய வாழ்வைத் தேடி அங்கே வந்தனர் என்பது அவர் கண்ட முடிவு. குறைகளையும் அவர் மறைத்தாரல்லர். வண்டியோட்டும் வயது வராத இளைஞர்க்குப் போக்கிடமில்லை. பகலெல்லாம் வீட்டில் இருந்த பெண்டிருட் சிலர்க்குத் தனிமை பெருஞ்சுமையாயிற்று. இவை உண்மைக் குறைகள். கூரையின் வடிவு ஒத்திருத்தல் குறையன்று. மேலும், சில ஆண்டுகளுக்குள்ளே அவ்வீட்டார் கூரையை உயர்த்தியும் அறை கூட்டியும் முகப்பை மாற்றியும் ஒரு வீட்டைப்போல் மற்றொன்று இராதபடி செய்துவிட்டனர்.

பழிக்கவேண்டியது வேறொன்று உளது. அதனை அழகுணர்ச்சி மிக்க அவ்வறிஞர் பலர் கண்டும் மெல்லப் பேசினர். முதற் குடிக்கூலிப் பத்திரத்தின் 25ஆம் விதி, வெள்ளை இனத்தார் அல்லாத எவரும் அவ்வீட்டிற் குடியிருக்கலாகாது என்று கூறிற்று. வீட்டுப் பணியாளர்க்கு மட்டும் விலக்குண்டு! கறுப்பினத்தவர் அவ்வூரிற் பாத்திரம் துலக்கலாம், அப்பாத்திரத்தில் உண்ணலாகாது. ஐரோப்பாவிலும் பசிபிக் தீவுகளிலும் அவருடன் போரிட்டுத் திரும்பிய கறுப்பின வீரர், நாளிதழில் விளம்பரம் கண்டு வந்து, விற்பனை அலுவலகத்திலிருந்து வெறுங்கையராய் மீண்டனர். இது லெவிட்டார் ஒருவரின் கொடுமை மட்டும் அன்று. கடனுக்குப் பொறுப்பேற்ற அரசாங்க வீட்டுவசதி நிர்வாகமே இனக்கலப்பால் மனையின் மதிப்புக் குறையும் எனக் கொண்டு, இத்தகைய தடைவிதிகளைத் தன் கையேட்டிற் பரிந்துரைத்திருந்தது. 1948ஆம் ஆண்டு மே திங்களில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இத்தடைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கலாகாது எனத் தீர்த்தது. அதன்பின் பத்திரத்தினின்று விதி நீங்கிற்று, நடைமுறையினின்று நீங்கவில்லை. கறுப்பினச் சிறுவரைத் தம் பிள்ளைகளோடு விளையாட அழைத்த குடும்பத்தாரின் குடிக்கூலிப் பத்திரம் புதுப்பிக்கப்படாமற் போனதும் உண்டு.

வில்லியம் லெவிட் யூதர். யூதர்க்கு வீடு மறுக்கும் ஊர்கள் அந்நாட்டிற் பல இருந்தமை அவர் அறியாததன்று. எனினும் அவர் கூறிய சமாதானம் இது: கறுப்பினக் குடும்பம் ஒன்றுக்கு விற்பின் வெள்ளையர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாங்கமாட்டார், வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இனப் பிரச்சினையைத் தீர்க்கலாம், இரண்டையும் ஒருங்கே தீர்த்தல் இயலாது. வணிகர் மொழியிற் கேட்டால் இது நியாயம்போலவே ஒலிக்கும். வாடகை வீடு தேடி நம் நகரங்களில் அலைந்தவர்க்கும் இக்குரல் புதிதன்று. வீட்டுக்காரர் தாம் நல்லவர் என்றும், அக்கம்பக்கத்தார்தாம் ஒப்பார் என்றும் சொல்வர். ஆயினும் வீடு கிடையாத அக்காலத்தில், முன்பணமின்றி 58 டாலருக்கு வீடு தருவோர் வேறெவருமில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பந்தம் எழுதிக்கொண்ட இடத்தில், கதவைத் திறந்து வைத்தால் வாங்குவார் இரார் என்று அஞ்சியது வீண் அச்சம் என்பதே எம் கருத்து. அவர் அஞ்சிய சோதனையை அவர் செய்து பார்க்கவே இல்லை.

சோதனையைப் பிறர் செய்தனர். லெவிட்டார் பென்சில்வேனியா மாகாணத்தில் அமைத்த இரண்டாம் ஊரில், 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில், வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்னும் கறுப்பினத் தம்பதியர், விற்க இசைந்த ஒருவரிடம் வீடு வாங்கித் தம் மூன்று குழந்தைகளோடு குடியேறினர். கணவர் போர்ப்படையிற் பணியாற்றியவர். மனைவியார் ஆசிரியப் பயிற்சி உடையவர். துணி உலர்த்தவும் நாள் குறித்த அவ்வூர், அன்று தன் அமைதியை எவ்வாறு காத்தது என்பதனைக் காண்க. நூற்றுக்கணக்கானோர் இரவுதோறும் திரண்டு கூச்சலிட்டனர். கல்லெறிந்து சாளரத்தை உடைத்தனர். காவலர் ஒருவர் கல்லடிபட்டு நினைவிழந்து வீழ்ந்தார். அண்டை வீடொன்றில் தென்னாட்டுக் கலகக்காரரின் கொடியை ஏற்றி, நள்ளிரவிலும் உரக்கப் பாட்டு முழக்கினர். சிலுவை கொளுத்தினர். ஊரின் அமைதி கெடும் என்றவர்களே அமைதியைக் கெடுத்தனர். அவ்வீட்டினுள் இருந்தவர் குழந்தையைத் தூங்கவைக்க முயன்றனர். அயல்வீட்டு வெக்ஸ்லர் குடும்பத்தாரும் வேறு சிலரும் அவர்க்குத் துணைநின்றனர். அத்துணைக்காக அவர் வீட்டுச் சுவரிலும் கொடுஞ்சொல் எழுதப்பட்டது. மாகாணக் காவலரும் நீதிமன்றத் தடையாணையும் வந்த பின்னரே கூட்டம் கலைந்தது. ஊரோ காலியாகவில்லை; தொண்ணூறு விழுக்காடு ஓடும் என்ற கணக்கும் மெய்ப்படவில்லை.

வீட்டு விற்பனையில் இனவேற்றுமை காட்டலாகாது என்னும் சட்டம் 1968ஆம் ஆண்டில் நாடு முழுதுக்கும் வந்தது. ஆனால் அதற்குள் இருபது ஆண்டு கழிந்திருந்தது. 7,990 டாலருக்கு வாங்கிய வீடு பன்மடங்கு விலையேறிவிட்டது. இன்று அது பல லட்சம் டாலர். முதலில் வாங்கியவர் அவ்வேற்றத்தைக் கொண்டு மக்களைக் கல்லூரிக்கு அனுப்பினர், முதுமைக்கு வைத்துக்கொண்டனர், பேரர்க்கு விட்டுச்சென்றனர். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்க்குச் சட்டம் பின்னர்க் கொடுத்தது, ஏறிய விலையில் அவ்வீட்டை வாங்கிக்கொள்ளும் உரிமை. 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நியூயார்க்கை அடுத்த லெவிட்டவுனின் ஏறத்தாழ 52,000 மக்களுட் கறுப்பினத்தார் நூற்றுக்கு ஒருவர் அளவினரே. அடைத்த கதவைத் திறந்துவிட்டோம் என்று அறிவிப்பதனால் மட்டும் உள்ளே செல்வாரின் தொகை மாறுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு நாம் கண்டிலேம்.

டெய்சி மையர்ஸ் அம்மையாரை 1999ஆம் ஆண்டில் அவ்வட்டார நகராட்சித் தலைவர் அழைத்து, 1957இல் நிகழ்ந்தவற்றிற்காக மன்னிப்புக் கேட்டார். அம்மையார் சென்று அதனை ஏற்றுக்கொண்டார். கணவர் அதற்கு முன்னரே காலமாகியிருந்தார்.