அனகாபுத்தூர்: அதான் ஃப்ளாட் கொடுத்தாச்சே... இன்னும் என்ன பிரச்சினை?

2025 மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில் அனகாபுத்தூர் அடையாற்றங்கரையில் ஜேசிபி இயந்திரங்கள் இறங்கின. தாய் மூகாம்பிகை நகர், சாந்தி நகர் போன்ற பகுதிகளில் 600-க்கு நெருக்கமான வீடுகள் இடிப்புப் பட்டியலில் இருந்தன. பல பத்தாண்டுகளாக அங்கே இருந்தவர்கள், வீட்டு வரி ரசீதையும் கரன்ட் பில்லையும் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்த காட்சிகள் சில நாட்கள் டைம்லைனில் ஓடின. பிறகு கீரப்பாக்கம், தைலாவரம், நாவலூர், பெரும்பாக்கம் என்று அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சாமான்கள் லாரியில் ஏறின.

அப்போது சமூக வலைதளங்களில் அதிகம் பகிரப்பட்ட கருத்துகள் இரண்டு. 'ஆத்துல வீடு கட்டினா இடிக்கத்தானே செய்வாங்க?' என்பது ஒன்று. 'அதான் ஃப்ளாட் கொடுத்தாச்சே?' என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அரசிடம் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதில்தான் சிக்கலானது.

முதலில் ஆற்றைப் பார்த்துவிடலாம்

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் நீளம்தான். ஆனால், அனகாபுத்தூருக்குச் சற்று மேலே, திருநீர்மலை பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் கால்வாய் வந்து சேர்கிறது. ஆதனூர், முடிச்சூர் பக்கமிருந்து வரும் வெள்ளமும் செம்பரம்பாக்கத்தில் திறந்துவிடும் தண்ணீரும் ஒன்றாகும் இடத்தைத் தாண்டியதும் வருகிற ஊர் இது. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் இருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டபோது இந்தக் கரை எந்த நிலைமையில் இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடையாற்றைச் சீரமைக்க சுமார் 1,500 கோடி ரூபாயில் அரசு, தனியார் கூட்டுத் திட்டம் 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ஆற்றை அகலப்படுத்தாமல் தென்சென்னைப் புறநகருக்கு விடிவில்லை என்பதில் நிபுணர்களிடம் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2015-ல் இதே கரையில் இருந்தவர்கள் அரசின் கணக்கில் 'வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்கள்'. குடிசையை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், தண்ணீர் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாய் என்று அப்போதைய அரசு நிவாரணம் அறிவித்தது. பத்து வருஷம் கழித்து அதே கரையில் இருப்பவர்களுக்குப் பெயர் 'ஆக்கிரமிப்பாளர்கள்'. அவர்கள் இடத்தைவிட்டு நகரவில்லை, கோப்பில் தலைப்பு மட்டும் மாறியிருக்கிறது. தலைப்பு மாறும்போது உரிமைகளும் மாறிவிடுகின்றன என்பதுதான் விஷயம்.

உதாரணத்துக்கு, 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த 'புல்டோசர்' தீர்ப்பு. 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல், சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்காமல் யார் வீட்டையும் இடிக்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் விதிமுறை வகுத்த தீர்ப்பு அது. பலரும் கொண்டாடினார்கள். ஆனால் அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டப்பட்டவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. இந்தியாவின் நகர்ப்புற ஏழைகளில் பெரும்பகுதியினர் எங்கே வசிக்கிறார்கள் என்று யோசித்தால், அந்த ஒற்றை வரியின் எடை புரியும்.

சென்னையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தின்படி, ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால்தான் அங்குள்ளவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு. 1971-ல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-ல் 17 சேர்ந்தன. அதன்பிறகு பல பத்தாண்டுகள் இந்தப் பட்டியல் நகரவே இல்லை. நகரம் மட்டும் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று வளர்ந்துகொண்டே போனது.

'ஆத்தங்கரைன்னா எல்லாருக்கும் ஒரே ஆத்தங்கரைதானே, பக்கத்துல நிக்கிற அடுக்குமாடிகளை ஏன் தொடலை?' என்று போராடியவர்கள் கேட்டார்கள். எல்லை அளவீட்டை வைத்துத் தீர்க்க வேண்டிய கேள்வி இது. வரைபடத்தை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினாலே பாதி சந்தேகம் தீர்ந்திருக்கும்.

இவர்களை 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்' என்று சொல்லலாமா?

அந்த வார்த்தையைக் கேட்டால் மணிப்பூர் ஞாபகம் வரும். 2023 மே 3-ல் தொடங்கிய வன்முறையில் சுமார் 60,000 பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். பள்ளிக் கட்டடங்களிலும் விடுதிகளிலும் முகாம் வாழ்க்கை. ஈழத்தமிழர்களுக்கு மெனிக் பாம் ஞாபகம் வரும். 2009 போர் முடிவில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட அந்த முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1990-ல் வலிகாமம் வடக்கில் இருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் கால் நூற்றாண்டைத் தாண்டியும் 'நலன்புரி நிலையம்' எனப்படும் முகாம்களிலேயே இருந்தார்கள். தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் வேறு வகை. நாட்டு எல்லையைத் தாண்டி வந்ததால் அவர்கள் அகதிகள். எல்லை தாண்டாமல் வீடிழந்தவர்கள்தான் இந்தக் கட்டுரையில் வருபவர்கள்.

அனகாபுத்தூரை மணிப்பூரோடு ஒப்பிடுவது அபத்தம். இங்கே யாரும் உயிருக்குப் பயந்து ஓடவில்லை, தார்ப்பாய்க்கு அடியில் மூன்று வருஷம் படுக்கவும் இல்லை. ஆனால் வரையறை என்று வந்தால் அது போரோடு நிற்பதில்லை. ஐ.நா. 1998-ல் வெளியிட்ட உள்நாட்டு இடம்பெயர்வு குறித்த வழிகாட்டு நெறிகள், தவிர்க்க முடியாத பொதுநலன் இல்லாத பெரிய வளர்ச்சித் திட்டங்களுக்காக மக்களை அப்புறப்படுத்துவதையும் தன்னிச்சையான இடம்பெயர்வு என்றே சேர்க்கின்றன. பொதுநலன் இருந்தாலும்கூட, மாற்று வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், போகிறவர்களின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்கின்றன.

இந்தியாவில் இவர்களுக்கென்று தனிச்சட்டம் கிடையாது. உலக எண்ணிக்கையும் போர், வன்முறை, பேரிடர் ஆகியவற்றால் இடம்பெயர்ந்தவர்களை வைத்தே எடுக்கப்படுகிறது. 2024 இறுதியில் அந்த எண்ணிக்கை 8 கோடியே 34 லட்சம். ஜேசிபி வந்து வெளியேறியவர்கள் அதில் இல்லை.

சரி, ஃப்ளாட்டில் என்ன பிரச்சினை?

வீடு என்று மட்டும் பார்த்தால் முன்னேற்றம்தான். சுமார் 400 சதுர அடி, கான்கிரீட் கூரை, உள்ளேயே கழிப்பறை. 2000-ம் ஆண்டுவாக்கில் கண்ணகி நகரில் கட்டிய முதல் வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. அந்த வகையில் அரசு கற்றுக்கொண்டிருக்கிறது.

பிரச்சினை வீட்டுக்கு வெளியே தொடங்குகிறது. அனகாபுத்தூர் ஒரு காலத்தில் நெசவாளர் ஊர். 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் இங்கிருந்து நைஜீரியா வரை துணி போனது. தறி குறைந்த பிறகு, சுற்றியுள்ள வேலைகள்தான் ஆதாரம்: நாகல்கேணி, பம்மல் தோல் தொழிற்கூடங்கள், பல்லாவரம் கடைகள், கட்டட வேலை, அபார்ட்மென்ட் வீட்டு வேலை. இவை மாதச் சம்பளம் வாங்கி பஸ் பிடித்துப் போகும் வேலைகள் கிடையாது. பக்கத்தில் இருப்பதால் மட்டுமே கிடைக்கிற வேலைகள்.

மூன்று வீடுகளில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு முதல் வீடு. பத்து மணிக்குள் மூன்றும் முடியும். மதியம் பிள்ளைக்குச் சாப்பாடு. சாயங்காலம் திரும்பப் பாத்திரம் தேய்க்க ஒரு நடை. கீரப்பாக்கமும் தைலாவரமும் சாலை வழியே 20 கிலோமீட்டருக்கும் மேல். கீரப்பாக்கத்தில் இருந்து வண்டலூர் வந்து, தாம்பரம், பல்லாவரம் தாண்டி அனகாபுத்தூர் சேர வேண்டும். 'விடியல் பயணம்' இருப்பதால் சாதாரண மாநகரப் பேருந்தில் டிக்கெட் செலவு இல்லை. இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் ஆறு மணி வேலைக்கு நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் வேண்டும். சாயங்கால நடை சாத்தியமே இல்லை. வீட்டுக்காரர்கள் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்கள், பக்கத்திலேயே வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அதில் கொடூரம் எதுவும் இல்லை, ஆனால் ஒரு குடும்பத்தின் வருமானம் போய்விடும்.

இதை அரசும் அறியாமல் இல்லை. நதிக்கரைகளில் இருந்து மாற்றப்படும் குடும்பங்களுக்கு இடமாற்றப் படியாக 5,000 ரூபாயும், வாழ்வாதார உதவியாக மாதம் 2,500 ரூபாய் வீதம் ஓராண்டுக்கும் கொடுக்கும் முறை கூவம் சீரமைப்புக் காலத்தில் இருந்தே இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் புது ஊரில் புது வேலை அமைந்துவிடும் என்பது அதன் பின்னால் இருக்கும் கணக்கு. கண்ணகி நகருக்கு அருகே ஓ.எம்.ஆர். இருந்தது, ஐ.டி. அலுவலகங்களில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலையாவது பின்னால் வந்தது. கீரப்பாக்கத்தைச் சுற்றி அப்படி எதுவும் இன்னும் இல்லை.

அதனால்தான் சென்னையின் மறுகுடியமர்வு வரலாற்றில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒதுக்கிய வீட்டைப் பூட்டிவிட்டு, பழைய ஏரியாவிலேயே ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்கள். அதிகாரிகள் இதை முறைகேடு என்பார்கள். பிழைக்கிற இடத்தில் இருக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு முரண், தண்ணீர். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்ட செம்மஞ்சேரி மறுகுடியமர்வுக் குடியிருப்பு 2015-லும் அதற்குப் பிந்தைய மழைகளிலும் மூழ்கியது. பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி. வெள்ளத்தில் இருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அழைத்துப் போகிற இடத்தின் மழைக்கால நிலைமையைக் கேட்பது, அங்கே போகிறவர்களின் அடிப்படை உரிமை.

ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணகி நகர் முகவரி போட்டால் வேலை கிடைக்காது என்று பயோடேட்டாவில் துரைப்பாக்கம் என்று எழுதிய தலைமுறை ஒன்று உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றபோது, அணியில் இருந்த கார்த்திகாவின் பெயரோடு கண்ணகி நகரும் தலைப்புச் செய்தியானது. அந்தப் பெயர் நல்ல காரணத்துக்காகத் தலைப்பில் வர 25 வருஷம் ஆனது.

வோட்டர் லிஸ்ட் எங்கே இதில் வருகிறது?

வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கியது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் பழைய முகவரிக்கு வந்து படிவம் கொடுப்பார். கதவே இல்லாத முகவரியில் யாரிடம் கொடுப்பது? டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அதில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை 'குடிபெயர்ந்தவர்கள்' அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்ற வகையில் வந்தவை. வேலைக்காக ஊர் மாறியவர்கள், வாடகை வீடு மாறியவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். ஆனால் தானாக வீடு மாறியவருக்கும், அரசே லாரியில் ஏற்றி அனுப்பியவருக்கும் ஒரே நடைமுறை என்பது சரியா? பெரும்பாக்கத்துக்குப் போனவர் பல்லாவரம் தொகுதியில் இருந்து சோழிங்கநல்லூருக்கு மாற வேண்டும். யாரை எந்த பிளாக்கில் எந்த வீட்டில் வைத்தோம் என்ற பட்டியல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடமே இருக்கிறது. அதைத் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்பி முகவரி மாற்ற முகாம் நடத்த ஒரு கடிதம் போதும்.

எப்போது இது முடிந்ததாக அர்த்தம்?

ஐ.நா. அமைப்புகள் இதற்கு 2010-ல் ஓர் அளவுகோல் வகுத்தன. இடம்பெயர்வினால் வந்த தேவைகள் தீர்ந்து, மற்ற குடிமக்களைப் போலவே உரிமைகளைப் பயன்படுத்த முடிகிற நாளில்தான் ஒருவருடைய இடம்பெயர்வு முடிகிறது. வாழ்வாதாரம், ஆவணங்கள், பொது வாழ்வில் பங்கேற்பு, நீதி எல்லாம் அந்த அளவுகோலில் இருக்கின்றன. வீடு அதில் ஓர் அம்சம் மட்டுமே. நம் அரசுகளின் கணக்கில் சாவி கொடுத்த அன்றே முடிந்துவிடுகிறது.

தமிழக அரசு 2021-ல் மறுகுடியமர்வு, மறுவாழ்வுக் கொள்கைக்கு ஒரு வரைவை வெளியிட்டது. முன்கூட்டியே தகவல் சொல்வது, மக்களோடு கலந்து பேசுவது எல்லாம் அதில் பேசப்பட்டன. ஆனால் கொள்கையை மீறினால் கோர்ட்டுக்குப் போக முடியாது, சட்டத்தை மீறினால்தான் போகலாம். 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதார உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, உரிய நடைமுறையோடு அகற்றவும் அனுமதித்தது. நாற்பது வருஷமாக அரசுகள் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டாவது பாதியை.

இப்போதைக்கு, உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இப்படி இடம் மாறியிருந்தால் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ரேஷன் பொருளை மாநிலத்தின் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம், கார்டில் முகவரி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, பெயரே போயிருந்தால் படிவம் 6. எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்கு டி.சி. வரவில்லை என்று காரணம் சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போட எந்த அரசுப் பள்ளிக்கும், அரசு உதவிபெறும் பள்ளிக்கும் அதிகாரம் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது.