எண்ணெய் ஒழுகும் டிராக்டர்: ஊற்றி ஓட்டுவது சிக்கனம் அல்ல

உழவு மாடு வைத்திருந்த வீடுகளில், விடிந்ததும் தொழுவத்துக்குப் போய் முதலில் மாட்டின் மூக்கைப் பார்ப்பார்கள். மூக்கில் ஈரம் இருந்தால் மாடு நலம். வறண்டிருந்தால் ஏதோ நோய். டிராக்டருக்கு இது தலைகீழ். அடிப்பாகம் வறண்டிருந்தால் நலம். ஈரம் கண்டால் நோய். மாட்டின் மூக்கு வறண்டதும் வைத்தியரைத் தேடி ஓடிய நாம், டிராக்டரின் அடியில் ஹைட்ராலிக் எண்ணெய் சொட்டினால் மட்டும், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு டப்பா ஆயிலை வாங்கி ஊற்றிவிட்டு வேலைக்குப் போகிறோம். இது சிக்கனம் அல்ல, பெருநஷ்டம்.

நானும் அப்படிச் செய்தவன்தான். என்னிடம் இருப்பது பழையதாக வாங்கிய 35 குதிரைத்திறன் டிராக்டர். ஒரு குறுவைக்குச் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்த சமயம், பின்புறம் பி.டி.ஓ. தண்டின் பக்கம் எண்ணெய் கசிந்தது. சில நாள் ஊற்றி ஓட்டினேன். பிறகு டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் சீலை மாற்றினார்கள். பத்தே நாளில் மீண்டும் கசிவு. மறுபடியும் சீல், மறுபடியும் கூலி, மறுபடியும் ஆயில். அதற்குப் பிறகும் ஒழுகியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் நாற்றைப் பறித்து முடிச்சு முடிச்சாகக் கரையில் வைத்திருக்கிறோம். வயலின் நடுவே லிப்ட் கலப்பையைத் தூக்க மறுத்துவிட்டது. நடவுக்கு வந்த பெண்கள் பதினான்கு பேர் வரப்பில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். வாடகை டிராக்டர் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. கூலியும் போயிற்று, நாற்றும் வாடிற்று.

பிறகு பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் வந்தார். வயதானவர். அவர் முதலில் சீலைத் தொடவில்லை. மேலே இருந்த பிரீதரைக் கழற்றினார். பிரீதர் என்பது பின்பக்கப் பெட்டி மூச்சு விடுவதற்கான சிறு துளை. கேஜ் வீல் வாரி அடித்த சேறு அதில் அடைத்துக் காய்ந்து கிடந்தது. வேலை செய்யச் செய்ய உள்ளே எண்ணெயும் காற்றும் சூடேறி விரிகின்றன. வெளியேற வழியில்லாததால் அந்த அழுத்தம் சீலின் வழியே எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்து, தண்டில் தேய்மானம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அதன் பிறகே புது சீல் போட்டார். கசிவு நின்றது.

சீல் மாற்றுவது வேறு. கசிவை நிறுத்துவது வேறு. அடைபட்ட பிரீதர், பள்ளம் விழுந்த தண்டு, ஆட்டம் கண்ட பேரிங், அச்சில் சுற்றிக்கொண்ட புல், அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எத்தனை சீல் போட்டாலும் அத்தனையும் வீண்.

சொட்டுக் கணக்கு

25 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 144 மில்லி. பத்து மணி நேர உழவில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் எண்ணெய், காசு கொடுத்து வாங்கிய எண்ணெய், நம் வயலிலேயே விழுகிறது.

ஆனால் எண்ணெயின் விலை சிறு நஷ்டம்தான். பல டிராக்டர்களில் கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய். அது குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், பம்பு தேயும். சக்கர அச்சின் சீல் கெட்டால், எண்ணெய் வெளியே வரும் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். அளவுக் கம்பியில் எண்ணெய் பால்போல வெளுத்துத் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அப்போது முழு எண்ணெயையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. உலர் பிரேக் உள்ள வண்டிகளில் எண்ணெய் பிரேக் லைனிங்கில் படிந்தால் பிரேக் பிடிக்காது. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் வாய்க்கால் பாலத்தின் சரிவில் இறங்கும்போது இது தெரியவந்தால் என்ன ஆகும்?

முதலில் நாமே பார்க்கலாம்

எண்ணெய் சொட்டும் இடம் ஒன்று. கசியும் இடம் மற்றொன்று. எண்ணெய் கீழ்நோக்கி வழிந்து வந்தே சொட்டும். எனவே வண்டியின் பின்பாகத்தை டீசல் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, அரை மணி வேலை செய்யுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, எந்த இடம் முதலில் நனைகிறது என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். இரவில் அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு வைத்தால், கறை விழுந்த இடம் காலையில் திசை சொல்லும்.

வெளியே கசிவே இல்லாமல் லிப்ட் இறங்குவதும் உண்டு. எஞ்சின் ஓடும்போது தூக்கிய கலப்பை ஓயாமல் தலையாட்டினால், அல்லது எஞ்சினை நிறுத்தியதும் விரைவாக இறங்கினால், சிலிண்டரின் உள்ளேயோ வால்விலோ கசிவு இருக்கலாம். இதை வயலில் பிரிக்க வேண்டாம், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளை மறக்கக் கூடாது. தூக்கி நிற்கும் கலப்பையின் கீழோ ரோட்டவேட்டரின் கீழோ ஒருபோதும் புகாதீர்கள். தரையில் இறக்கிவிட்டுப் பாருங்கள். அடுத்து, குழாயிலோ ஓஸிலோ கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். சுமை தூக்கும்போது எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேல் ஏறும். ஊசித்துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் முள் குத்தியதுபோல் சிறிதாகத் தெரியும்; ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கை வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

கசிவுக்குக் காரணம் என்ன என்று கேளுங்கள். கழற்றிய பழைய சீலைக் கேட்டு வாங்குங்கள். என்ன எண்ணெய், எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். பில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததை முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்தும் விவசாயியும் அச்சட்டப்படி நுகர்வோர்தான். என்னிடம் முதல் இரண்டு பழுதுக்கும் பில் இல்லை. அதனால் கேட்க வாயும் இல்லை.

தவறு முழுவதும் மெக்கானிக்குகள் தலையில் என்றும் சொல்ல முடியாது. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்த பிறகு எல்லா டிராக்டரும் ஒரே வாரத்தில் போய் நின்றால், அவர் காரணம் தேடுவாரா, கையில் கிடைத்த சீலை அடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பாரா? கோடையிலேயே நாம் போக வேண்டும். மலிவான சீல் போதும் என்று பேரம் பேசுவதும், கையேட்டில் சொன்ன எண்ணெயை விட்டுக் கிடைத்த எண்ணெயைக் கலந்து ஊற்றுவதும் நம் தவறுகளே. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளில் எண்ணெய் மாறினால் பிரேக்கும் சேர்ந்து கெடும்.

சங்கங்கள் செய்யலாம்

2014-15 இல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் மூலம் இயந்திரம் வாங்க மானியம் கிடைக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் எங்கள் ஊரில் நடக்கும் கூட்டங்களில் வாங்குவது பற்றியே பேச்சு; வாங்கிய வண்டி ஒழுகினால் என்ன செய்வது என்பது பற்றிப் பேச்சே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதத்தில், ஊருக்கு ஒரு நாள் டிராக்டர் பரிசோதனை நடத்த வேளாண்மைப் பொறியியல் துறை முன்வர வேண்டும். உரம் விற்கும் கூட்டுறவுச் சங்கங்கள், அந்தப் பகுதியில் அதிகம் ஓடும் வண்டிகளுக்கான சீல், பில்ட்டர், தரமான எண்ணெய் ஆகியவற்றையும் வைத்து விற்கலாம். ஆந்திராவில் அனந்தபூர் மாவட்டத்தின் கார்லதின்னெயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஊருக்கு ஓர் இளைஞரைச் சங்கமே செலவு செய்து அனுப்பினால், பிறகு அந்த ஊர் வண்டிகள் சிறு பழுதுக்காக டவுனுக்குப் போய்க் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் வரும்போது வரட்டும். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் குனிந்து அடியில் ஒரு முறை பாருங்கள். வாடகைக்கு அமர்த்துபவர்களும் தம் வயலில் இறங்கும் வண்டியை அப்படிப் பார்க்கலாம். தரையில் ஒரு சொட்டு இருந்தால், ஆயில் டப்பாவைத் தேடாதீர்கள். அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.